தீரா நோயாளர்பால் நம் கடமை

நோய் முற்றிய ஒருவரை மருத்துவமனையினின்றும் திருப்பி அனுப்புங்கால் வழக்கமாகச் சொல்லப்படும் சொல் ஒன்றுண்டு. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்" என்பதே அது. சொல்லுகின்றவர் கல்நெஞ்சினர் அல்லர். அவர் கற்றது நோயைத் தீர்க்கும் கலை. தீராத நோயின் முன் அக்கலை கை ஓய்ந்து நிற்கின்றது. எனினும் அச்சொல்லைக் கேட்டுத் திரும்பும் குடும்பத்தின் நிலை யாது? வலியால் துடிக்கும் நோயாளி ஒருபுறம். விற்றதும் அடகு வைத்ததும் போக எஞ்சி நிற்கும் கடன் மறுபுறம். இன்னும் எத்தனை நாள் என்று அறியாத அச்சம் இவற்றுக்கெல்லாம் மேல். உண்மையில் அவர்கள் செய்ய வேண்டிய பணி அன்றுதான் தொடங்குகின்றது. ஆதலின் நாம் ஆராய வேண்டிய வினா இது: நோயைத் தீர்க்க இயலாது என்பதும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் ஒன்றுதானா?

இவ்வினா பௌத்தராகிய நமக்குத் தனிப்பட உரியது. ஏனெனில், மருத்துவர் சொல்லும் அச்சொல்லையே நம்மிற் சிலர் தம்மத்தின் ஆடையை உடுத்திச் சொல்லிவிடுகின்றோம். "தோன்றியன யாவும் அழியும், பிறந்தவர் இறப்பது இயற்கை, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று கட்டிலருகே நின்று கூறிவிட்டு, கொடுத்த காப்பியை அருந்தி விடைபெறுகின்றோம். கூறியது பொய்யன்று, அநித்தியம் நம் நெறியின் அடிப்படை. ஆயினும் மெய்யான சொல்லும் தன் இடத்தையும் காலத்தையும் தவறினால், கடமையைத் தட்டிக் கழிக்கும் கருவியாகிவிடும்.

பகவான் புத்தர் இவ்விடத்து எவ்வாறு நடந்துகொண்டார் என்பதை விநய பிடகத்து மகாவக்கம் காட்டுகின்றது. ஆனந்தருடன் உறைவிடங்களைப் பார்வையிட்டு வருங்கால், வயிற்றுநோயால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடக்கக் கண்டார். பணிவிடை செய்வார் எவருமில்லையா என வினவினார். இல்லை என்றார் நோயாளி. காரணம் யாது என வினவினார். தாம் மற்றைப் பிக்குகளுக்குப் பயன்படாதவராதலின் ஒருவரும் தம்மைப் பேணவில்லை என்றார். பகவான் அப்போது அவருக்கு நிலையாமையைப் போதிக்கவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். தாமே நீர் வார்க்க, ஆனந்தர் உடலைக் கழுவினார். தலைப்புறத்தைப் பகவானும் காற்புறத்தை ஆனந்தரும் தாங்கித் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டிப் பேசினார். பேணுவதற்குத் தாயும் தந்தையும் அருகில் இல்லாத பிக்குகள் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவார் என்று கேட்டார். நோயாளிக்குச் செய்யும் பணிவிடையைத் தமக்கே செய்யும் பணிவிடைக்கு நிகராக வைத்தார்.

"பயன்படாதவர்" என்னும் அக்காரணத்தைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயன் கருதிச் செய்யும் உதவி கொடுக்கல் வாங்கலேயன்றி அறமாகாது. இறக்கும் நிலையிலுள்ளவரோ எதையும் திருப்பிச் செய்ய இயலாதவர். நன்றி கூறுவதற்கும் அவருக்கு மூச்சுப் போதாது. ஆகலின் அவர் படுக்கையே நம் அறத்தின் உரைகல்.

அதே பகுதியில், நோயாளிக்குப் பணிவிடை செய்யத் தக்கவரின் ஐந்து இயல்புகள் கூறப்பட்டுள்ளன. மருந்து அமைத்துக் கொடுக்கும் திறன் முதலாவது. நோயாளிக்கு ஏற்பதும் ஏலாததும் அறிந்து, ஏலாததை நீக்கி ஏற்பதைக் கொடுத்தல் இரண்டாவது. ஊதியம் கருதாது அன்பு மனத்துடன் செய்தல் மூன்றாவது. மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் ஆகியவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாமை நான்காவது. காலமறிந்து தம்ம உரையால் நோயாளியின் மனத்தை மகிழ்வித்தல் ஐந்தாவது. இவ்வரிசையை நோக்குக. மருந்து, உணவு, அன்பு, தூய்மை என்னும் நான்கும் முன் நிற்க, தம்ம உரை இறுதியில் வருகின்றது. அது சிறிதென்பதனால் அன்று. முன்னைய நான்கும் இல்லாதவிடத்து அதனைச் செவி ஏலாது என்பதனால் என்று கொள்ளுதல் பொருந்தும். கைகள் தம் பணியைச் செய்து முடித்த பின்னரே நாவுக்கு உரிமை உண்டு. இக்கட்டுரை வற்புறுத்த விழைவது இவ்வொன்றையே.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். "இறுதி மூச்சின்போது மனம் எந்நிலையில் இருக்கின்றதோ அதுவே பெரிது என்பது பௌத்தர் கொள்கையன்றோ? அங்ஙனமாயின், உள்ள சில நாட்களில் சுத்தங்களை ஓதுவதே முதற் கடமையாகாதா?" என்பர். கொள்கை மெய்யாயின் அதனாலேயே வலியைத் தணித்தல் முதற் கடமையாகின்றது. எலும்பில் பரவிய புற்றுநோயின் வேதனையில் பல்லைக் கடித்துக் கிடப்பவர் மனம் எந்தச் சுத்தத்தில் ஒன்றும்? உடலெங்கும் புண்கொண்டு தோழரால் கைவிடப்பட்ட திஸ்ஸர் என்னும் பிக்குவின் வரலாற்றைத் தம்மபத உரை கூறுகின்றது. பகவான் வெந்நீர் வைத்து அவரை நீராட்டி, அவர் ஆடையைத் துவைத்து உலர்த்தி உடுத்தச் செய்து, உடல் இளைப்பாறிய பின்னரே தம்மம் உரைத்தார். திஸ்ஸர் அமைதியுற்று அன்றே பரிநிர்வாணம் எய்தினார். வெந்நீர் முன்னது; விடுதலை பின்னது.

இன்றைய மருத்துவ உலகம் இவ்வுண்மையை வேறொரு வழியாக வந்தடைந்துள்ளது. இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் முதலில் செவிலியாகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின்னரே மருத்துவக் கல்வி கற்றவர். 1967ஆம் ஆண்டில் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்னும் இல்லத்தை அவர் நிறுவினார். இறக்கும் நிலையிலுள்ளவரின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பத்திலும், வாழ்வின் பொருளைத் தேடும் உள்ளத்திலும் உள்ளது. ஒன்றை விடுத்து ஒன்றைத் தீர்த்தல் இயலாது என்பது அவர் கண்ட முடிவு. அதனை 'முழு வேதனை' என்று அவர் பெயரிட்டார். பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோவு தணிக்கும் மருத்துவம் இதிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் 1986இல் பம்பாயில் சாந்தி அவேதனா ஆசிரமம் தோன்றியது. பெங்களூரில் 1994இல் அமைந்த அறக்கட்டளையொன்றின் முயற்சியால் எழுந்த கருணாசிரயம், 1999 முதல் முற்றிய புற்றுநோயாளரைத் தங்கவைத்துக் கட்டணமின்றிப் பேணி வருகின்றது.

வலியைத் தணிப்பதற்குரிய தலையாய மருந்து அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின். வாய்வழி உட்கொள்ளும் மார்ஃபின் மாத்திரை விலை மலிந்தது. வலி வந்தபின் கொடுப்பதன்று. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி தலைதூக்குமுன் கொடுப்பது. மலச்சிக்கல் உண்டாகுமாதலின் அதற்குரிய மருந்தும் உடன் தரப்படும். மருத்துவர் அளவறிந்து கொடுக்குங்கால் நோயாளி போதைக்கு அடிமையாவார் என்னும் அச்சம் பெரும்பாலும் வீண். ஆயினும் நம் நாட்டு நிலை வியப்புக்குரியது. மருந்துக்காக அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிடும் நாடு இது. இங்குள்ள நோயாளரோ மார்ஃபின் இன்றி அலறினர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பல உரிமங்களைக் கேட்டு மருத்துவமனைகளை அஞ்சச் செய்தமையே காரணம். 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. சட்டம் திறந்த கதவை எத்தனை ஊர்களில் மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன என்பது வேறு கேள்வி. நம் ஊரில் மார்ஃபின் எங்குக் கிடைக்கும் என்று அறிந்து வைத்திருப்பது, ஐவகை இயல்புகளுள் முதலாவதை இன்று நாம் நிறைவேற்றும் முறையாகும்.

மைசூருவில் வாழும் நமக்கு இது எட்டாத பொருளன்று. மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவர் சிலர் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய சுவாமி விவேகானந்த இளைஞர் இயக்கம், முதலில் ஹெக்கடதேவனகோட்டைப் பகுதிக் காட்டு மக்களிடையே மருத்துவத் தொண்டு புரிந்தது. பின்னாளில் மைசூரு நகரில் தீரா நோயாளரின் இல்லங்களுக்கே மருத்துவரும் செவிலியரும் சென்று நோவு தணிக்கும் பணியையும் அது மேற்கொண்டது. பிற சமயத்துச் சான்றோரின் பெயரைத் தாங்கிய இயக்கமாயிற்றே என்று நாம் தயங்க வேண்டுவதில்லை. நற்செயல் எவர் கையில் நிகழினும் அதில் மகிழ்ச்சி கொள்ளுதல் முதிதை எனப்படும். உடன் தோள் கொடுத்தல் அதனினும் மேலானது.

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்தால் கோழிக்கோடு. அங்கே 1993ஆம் ஆண்டில் மருத்துவர் இராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் வேறு சிலரும் கூடி நோவு தணிப்புச் சங்கமொன்றை நிறுவினர். அதிலிருந்து கிளைத்த முறை நம் சிந்தனைக்குரியது. மருத்துவர் எண்ணிக்கையிற் சிலர், நோயாளரோ பலர். ஆகவே அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்தனர். ஆசிரியரும், கடைக்காரரும், ஆட்டோ ஓட்டுநரும், இல்லத்தரசியரும் வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்கி, தம் தெருவிலுள்ள நோயாளரைச் சென்று கண்டனர், புண்ணைத் துடைத்தனர், அரிசி வாங்கித் தந்தனர், குழந்தைகள் பள்ளியை விட்டு நின்றுவிடாமற் பார்த்துக்கொண்டனர். 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. ஊராட்சிகள் இப்பணியில் பங்கு கொண்டன. செல்வத்தால் இது நிகழ்ந்ததன்று; அயலார் தம்மை அயலார் என்று எண்ணாமையால் நிகழ்ந்தது.

மருந்துக்கு அடுத்தது உணவு. இறுதி நாட்களில் நோயாளி உணவை மறுப்பார். "பட்டினியிட்டுக் கொன்றோம் என்னும் பழி நமக்கு வேண்டா" என்று அஞ்சி வீட்டார் வலிந்து ஊட்டுவர். உடல் அணையுங்கால் பசி தானே அடங்கும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. வலிந்து ஊட்டிய கஞ்சி மூச்சுக்குழலிற் புகுந்து துன்பத்தையே பெருக்கும். வறண்ட வாயை நனைத்த துணியால் ஈரப்படுத்தலும், உதட்டில் சிறிது வெண்ணெய் தடவுதலும் அந்நிலையில் அமுதூட்டுதலுக்கு ஒப்பாகும். தாமே அசைய இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தல் படுக்கைப் புண் வாராமற் காக்கும். ஏற்பதும் ஏலாததும் அறிதல் என்னும் இரண்டாம் இயல்பு இத்தகைய சிறு செயல்களில்தான் அடங்கியுள்ளது.

இனி, உண்மை உரைத்தல் பற்றிய சிக்கல். நம் இல்லங்களில் நோயாளியைத் தவிர அனைவரும் நோயின் பெயரை அறிவர். அவரும் ஊகித்து அறிவார். வீட்டார் வருந்துவரே என்று அறியாதவர் போல் கிடப்பார். இவ்வாறு அன்பின் பொருட்டு எழுப்பிய சுவர், அன்புடையாரையே இறுதிநாளிற் பிரித்துவிடுகின்றது. பொய்யுரையாமை நம் சீலம். ஆயினும் உண்மையைக் கல்லெறிவதுபோல் எறிதலும் நம் வழியன்று. மெய்யும் நன்மையும் உடைய சொல்லையும், அது கேட்போர்க்கு இனியதாயினும் இன்னாததாயினும், காலம் அறிந்தே பகவான் உரைப்பார் என்பது மச்சிம நிகாயத்து அபயராஜகுமார சுத்தத்தின் கருத்து. ஆதலின் முதலிற் கேட்டல் வேண்டும்: "உங்கள் உடல்நிலையைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கின்றீர்கள்? எதை அறிய விரும்புகின்றீர்கள்?" என்று. அவர் எவ்வளவு கேட்கின்றாரோ அவ்வளவு கூறுக, கேளாததைத் திணியற்க, கேட்டதை மறையற்க.

நோயாளி கேட்கும் வினாக்களுட் பல மரணத்தைப் பற்றியன அல்ல. பின் நிற்போரைப் பற்றியன. அங்குத்தர நிகாயத்தில் நகுலபிதா என்னும் இல்லறத்தார் கடும் பிணியுற்ற வரலாறு உண்டு. அவர் மனைவி நகுலமாதா, கவலையோடு இறத்தல் துன்பம் எனக் கணவரைத் தேற்றுகின்றார். எவ்வாறு? தமக்கு நூல் நூற்கத் தெரியும். பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்துவோம் என்பது அவர் கூறும் முதல் உறுதி. வேறொரு மனையை நாடோம் என்பது அடுத்தது. சீலத்தையும் தம்மத்தையும் பற்றிய உறுதிகள் அவற்றின் பின்னரே வருகின்றன. அவ்வரலாற்றில் கணவர் நோய் நீங்கி எழுந்தார் என்பது தனிச் செய்தி. நமக்கு வேண்டுவது அம்மையாரின் அறிவு. வயிற்றுக்கு வழி கூறிய பின்னரே வீடுபேற்றுக்கு வழி கூறினார். இன்றைய நகுலபிதாவுக்கு வேண்டிய உறுதி யாது? வங்கிக் கணக்கில் மனைவியின் பெயர் நியமிக்கப்பட்டதா? கைம்பெண் உதவித்தொகைக்கு யார் உடன் சென்று மனு எழுதித் தருவார்? மகளின் கல்லூரிக் கட்டணத்தை யார் பார்ப்பார்? இவற்றுக்கு விடை கிடைத்த இரவில், மாத்திரையால் வாராத உறக்கமும் வரும்.

நோயாளியைப் பேணுபவரும் ஒருவகை நோயாளியே. பெரும்பாலும் அவர் மனைவி, அல்லது மருமகள், அல்லது மணமாகாத மகள். மாதக்கணக்கில் உறங்காதவர், வேலையை இழந்தவர், சினந்து பேசிவிட்டுப் பின்னர் தனியே அழுபவர். "இது எப்போது முடியும்" என்று ஒரு கணம் எண்ணியதற்காகத் தம்மையே வெறுப்பவர். அவரிடம் சென்று பொறுமையைப் போதித்தல் கொடுமை. "நீங்கள் நான்கு மணி நேரம் உறங்குங்கள், அம்மா, நான் அருகில் அமர்ந்திருக்கின்றேன்" என்று கூறுதலே கருணை.

உயிர் பிரியும் காலத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். கொல்லாமை நம் முதற் சீலம். நோயாளியின்பால் இரக்கங்கொண்டு சாவைப் புகழ்ந்து கூறி அவரை அதற்குத் தூண்டிய பிக்குகள் பாராஜிகக் குற்றத்துக்கு ஆளாயினர் என்பது விநயம். ஆகவே சாவை விரைவுபடுத்தல் நமக்கு ஆகாது. ஆயினும், பயனற்றதென்று தெரிந்த கருவிகளைப் பொருத்தி இறத்தலை நீட்டித்தல் அச்சீலத்தைக் காப்பதாகாது. கொல்லுதல் வேறு, இயற்கையாக வரும் முடிவுக்கு இடம் விடுதல் வேறு. உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் இவ்வேறுபாட்டை ஏற்று, தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டா என்பதை முன்னரே எழுதி வைக்கும் உரிமையை உறுதிசெய்தது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது; இரு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெஜட் அதிகாரி முன் கையொப்பமிடல் போதும். கர்நாடக அரசும் 2025 ஜனவரியில் அதனைச் செயற்படுத்த ஆணை பிறப்பித்தது. மனம் தெளிந்திருக்கும் நாளிலேயே குடும்பத்துடன் பேசி எழுதிவைத்தல், பின்னர் மக்கள் ஒருவரையொருவர் குறைகூறிப் பிரியாமற் காக்கும்.

இறப்போடு கடமை முடிவதில்லை. கீசாகோதமி இறந்த மகவை ஏந்தி வந்தபோது, பகவான் உடனே உபதேசம் செய்யவில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவரச் சொன்னார். அவள் வீடுவீடாகச் சென்றாள். ஒவ்வொரு வாயிலிலும் தன்னைப்போல் இழந்தவர் ஒருவரைக் கண்டாள். துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்பதை அவளுக்கு உணர்த்தியது அத்தெருவே. இன்று துயருற்றோர் வீடுவீடாகச் செல்வதில்லை. ஆதலின் நாம் அவர் வீட்டுக்குச் செல்லல் வேண்டும். பதினாறாம் நாளுக்குப் பின் வீடு வெறிச்சோடும். வருகை மிகவும் வேண்டப்படும் காலம் அதுவே.

சமயம் மாறியமையால் உறவினர் சிலரை இழந்தவர்கள் நம்மில் உண்டு. "உங்கள் சடங்கு வேறு, எங்கள் சடங்கு வேறு" என்று நோய்க்காலத்திலும் சாக்காட்டிலும் ஒதுங்கி நிற்கும் சுற்றத்தாரை அவர்கள் கண்டிருப்பர். தாயும் தந்தையும் அருகில் இல்லாதவரைப் பேணுவார் யார் என்று பகவான் கேட்ட கேள்வி அவர்களுக்காகவே கேட்கப்பட்டது போலும்! சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு விசாக நாளில் மட்டும் கூடுவது அக்கேள்விக்கு விடையாகாது.

மைசூருத் தமிழருக்கு இயல்பாகவே உரிய தொண்டு ஒன்றும் உண்டு. கன்னட நாட்டிற் பல்லாண்டு வாழ்ந்து கன்னடம் நன்கு பேசுவோரும், நோய் முற்றிய நிலையில் தாய்மொழிக்கே திரும்புதல் உண்டு. "தாகம்", "வலிக்குது", "அவனை வரச்சொல்" என்னும் சொற்களைச் செவிலிக்கு எடுத்துரைக்க ஒருவர் அருகிருத்தல் பேருதவி. அதற்குப் பட்டம் வேண்டா. பொறுமையுள்ள செவி போதும்.

ஆகவே அன்பர்களே, நம் உறுப்பினருள் பத்துப் பேர் முன்வந்து, இருவர் இருவராகப் பிரிந்து, வாரத்தில் ஒரு மாலையைத் தீரா நோயாளரின் இல்லத்துக்கு ஒதுக்குவாராக. செல்லுமுன் நோவு தணிக்கும் மருத்துவம் அறிந்தோரிடம் முறையாகப் பயிற்சி பெறுவாராக. முதல் நாளில் ஒன்றும் போதிக்காமல், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பாராக. தண்ணீர் கேட்டால் தண்ணீர். மாத்திரை தீர்ந்திருந்தால் மாத்திரை. ஒன்றும் வேண்டா எனில் அருகில் அமர்ந்திருத்தல். இவ்வாறு பன்முறை சென்ற பின், ஒருநாள் அந்நோயாளி தாமே கண் திறந்து, "ஏதேனும் நல்ல சொல் சொல்லுங்கள்" என்று கேட்கக்கூடும். தம்மம் உரைக்க வேண்டிய காலம் அதுவே. ஒருகால் அவர் கேளாமலே கண் மூடினும், உரைக்க வேண்டியதை நம் கைகள் உரைத்திருக்கும்.